படை இருந்த ஊர், பள்ளி எழுந்த ஊர்: பாளையங்கோட்டையின் இருநூறாண்டு

பாளையங்கோட்டையில் படித்தவர்கள் தமிழ்நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் ஒரு கேள்வியைச் சந்திப்பார்கள்: “எந்த ஸ்கூல்? எந்தக் காலேஜ்?” இந்த ஊர்க்காரர் என்றாலே ஏதோ ஒரு பள்ளியின், கல்லூரியின் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று கேட்பவர் முடிவு செய்துவிடுகிறார். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்ற பட்டப்பெயரும் நிலைத்துவிட்டது. ஆனால் இந்த ஊர் பள்ளிக்கூடத்துக்காக உண்டான ஊர் அல்ல. துப்பாக்கியும் பீரங்கியும் காவல் காத்த கோட்டை ஊர் இது. படை இருந்த இடத்தில் பள்ளி எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது, இங்கே படித்தவர்களுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் தம் குடும்ப வரலாற்றைத் தெரிந்துகொள்வது போன்றது.

தெற்கெல்லையின் காவல்

தாமிரபரணிக்கு மேற்கே நெல்லையப்பர் கோயிலும் ரத வீதிகளும் வணிகமும் கொண்ட திருநெல்வேலி. ஆற்றுக்குக் கிழக்கே கல்மதில் சூழ்ந்த பாளையங்கோட்டை. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆர்க்காட்டு நவாபின் பெயரால் வரி வசூலிக்க வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு இந்தக் கோட்டைதான் தெற்குக்கோடித் தளமாயிற்று. 1756இல் கம்பெனி சிப்பாய்களின் தளபதியாகத் தெற்கே அனுப்பப்பட்ட யூசுப்கான், நம் மக்கள் மருதநாயகம் என்று சொல்லும் கான்சாகிபு, பூலித்தேவர் முதலான பாளையக்காரர்களோடு மோதிய காலத்தில் இந்தக் கோட்டையின் மதிப்பு உயர்ந்தது. 1764இல் அதே யூசுப்கான் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை கம்பெனிப் படையின் கையிலேயே இருந்தது.

அந்த நாளில் கம்பெனியின் பிடி இங்கேதான் முடிந்தது. வடக்கிலும் மேற்கிலும் வரி கட்ட மறுத்த பாளையங்கள். தென்மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருவிதாங்கூர். 1809இல் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது, ஆரல்வாய்மொழி அரணைப் பிடிக்கப் போன படை இந்தப் பக்கமிருந்துதான் புறப்பட்டது. இருபுறமும் பகையை வைத்துக்கொண்டு நடுவில் கண்விழித்திருந்த எல்லைக் காவலிடம் என்று அன்றைய பாளையங்கோட்டையைச் சொல்லலாம்.

1801 பிப்ரவரி 2

இந்தக் கோட்டையின் படை வரலாற்றில் ஒரு நாளை மட்டும் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டியக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. அவருடைய தம்பி ஊமைத்துரையும் உறவினரும் பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டார்கள். ஓராண்டுக்கு மேல் கழிந்து, 1801 பிப்ரவரி 2 அன்று, வெளியிலிருந்து வந்த ஆதரவாளர்களின் துணையோடு காவலரை வீழ்த்திவிட்டு அவர்கள் தப்பினார்கள். சுமார் 30 மைல் தொலைவைக் கடந்து பாஞ்சாலங்குறிச்சி சேர்ந்தார்கள். பின்தொடர்ந்து போன கம்பெனிப் படை கண்டது, சில நாளில் மீண்டும் எழுந்து நின்ற மண்கோட்டையை. மார்ச் இறுதியில் நடந்த தாக்குதல் தோற்றது. கர்னல் அக்னியூ தலைமையில் பெரும்படை வந்த பிறகே, மே 24 அன்று அந்தக் கோட்டை விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஊமைத்துரை தூக்கிலிடப்பட்டார்.

அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பிற்காலத்தில் தம் படை நினைவுகளை எழுதினார். பேச்சு வராத ஊமைத்துரை, சைகையாலேயே ஆயிரக்கணக்கானவர்களை நடத்தியதை வியந்து பதிவு செய்திருக்கிறார். இடது உள்ளங்கையில் சிறு வைக்கோல் துணுக்குகளை அடுக்கி, இது வெள்ளைக்காரன் படை என்று காட்டுவாராம். பிறகு வலது கையால் அவற்றை ஒரே வீச்சில் துடைத்து, வாயால் விர்ரென்று ஓர் ஒலி எழுப்புவாராம். தாக்கு என்பதற்கு அதுதான் கட்டளை. வாய் பேசாத ஒருவரின் மொழியை ஒரு நாடே புரிந்துகொண்டது என்பதற்கு அவரை எதிர்த்துப் போரிட்டவரே சாட்சி. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவேண்டும். இதே ஊரில் கைமொழிக்கு ஒரு பள்ளி பின்னால் வரப்போகிறது.

நாற்பது பெயர்

போர்க்காலத்திலேயே கோட்டைக்குள் வேறொரு விதையும் விழுந்திருந்தது. தஞ்சையிலிருந்து ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரோடு இங்கே வந்த மராட்டிய பிராமண விதவை ஒருவர், 1778இல் மிஷனரியான ஸ்வார்ட்ஸ் ஐயர் வந்தபோது அவரிடம் திருமுழுக்குப் பெற்றார். குளோரிந்தா என்பது அப்போது பெற்ற பெயர். ஊரார் அவரைப் பாப்பாத்தி அம்மாள் என்றார்கள். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். அவர்களுள் முன்னிற்பவர் இந்த அம்மாள்தான். 1785இல் அவர் முயற்சியால் கட்டி முடிந்த கற்கோயில் இன்றும் பாளையங்கோட்டையில் இருக்கிறது.

ஒரு நிறுவனத்தின் வரலாற்றைக் கட்டடத்திலிருந்து தொடங்குபவர்கள் உண்டு. பாளையங்கோட்டையில் அது ஒரு பதிவேட்டிலிருந்து தொடங்குகிறது. படைத்தளத்தில் பட்டாளத்தின் பெயர்ப் பட்டியல் ஆயிரம் இருந்திருக்கும். சாதாரண மக்களின் பெயரை, அதிலும் ஒரு பெண்ணை முன்வைத்து, மதிப்போடு எழுதி வைத்த ஏடு இது. வருகைப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு என்று பின்னால் இந்த ஊர்ப் பள்ளிகளில் பெருகிய ஏடுகளுக்கெல்லாம் முன்னோடி என்று இதைக் கொண்டால் தவறில்லை.

பட்டாளத்துப் பாதிரியார்

1801 ஜூலையில் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனி கைக்கு மாறியது. பாளையங்கள் அடங்கின. 1809க்குப் பிறகு திருவிதாங்கூர்ப் பக்கமும் ஓய்ந்தது. காவல் காக்க எல்லை இல்லாத காவலிடமாகப் பாளையங்கோட்டை மாறிய வேளையில், 1816இல், படைக்குச் சமயப் பணி செய்யும் சாப்ளினாக ஜேம்ஸ் ஹஃப் வந்து சேர்ந்தார்.

அவருடைய வேலை ஆங்கிலச் சிப்பாய்களுக்கு ஞாயிறு ஆராதனை நடத்துவது, திருமணம் செய்துவைப்பது, இறந்தவர்களை அடக்கம் செய்வது. சம்பளம் அதற்குத்தான். அவரோ தமிழ் கற்றார். கோட்டைக்கு வெளியே ஊர்களுக்குப் போனார். பாளையங்கோட்டையிலும் ஆற்றுக்கு அப்பால் திருநெல்வேலியிலும் பள்ளிகளைத் தொடங்கினார். தமிழிலும் ஆங்கிலத்திலும் பாடம் நடந்தது. தனியாளாய் இழுக்க முடியாத தேர் என்று உணர்ந்ததும், ஆள் அனுப்பச் சொல்லி சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷன் சங்கத்துக்கு எழுதினார். அந்தக் கடிதத்தின் பலனாக 1820இல் ரேனியஸ் ஐயர் வந்தார். அடுத்த ஆண்டே ஹஃப் ஊரைவிட்டுப் போய்விட்டார். இங்கே அவர் இருந்தது ஐந்தாண்டுதான். படைத்தளத்திலிருந்து பள்ளிக்கு ஊரைத் திருப்பிவிட்ட திருகாணி அந்த ஐந்தாண்டு.

பட்டாளத்துக்கும் பள்ளிக்கும் இப்படி ஓர் உறவு சென்னையில் முன்பே ஏற்பட்டிருந்தது. படைச் சாப்ளினான ஆண்ட்ரு பெல் 1789இல் எழும்பூரில் சிப்பாய்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஏற்றார். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்து, அதையே தம் பள்ளியில் முறையாக்கினார். 1797இல் அதை இங்கிலாந்தில் அச்சிட்டு வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது உலகின் பல நாடுகளுக்குப் போனது. ஆகவே பாளையங்கோட்டைக்கு வந்த கல்வியை முழுக்கக் கப்பலேறி வந்த சரக்கு என்று எண்ண வேண்டியதில்லை. அதில் நம் திண்ணை மணலும் கலந்திருந்தது.

ஒரே பந்தி

ரேனியஸ் பிரஷ்யாவில் 1790இல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் பதினெட்டு ஆண்டு உழைத்து, 1838இல் இங்கேயே இறந்தார். வேதாகமத் தமிழைத் திருத்தினார். தமிழ் இலக்கணம் எழுதினார். 1832இல் பூமி சாஸ்திரம் என்ற நூலை வெளியிட்டு, உலகப் படத்தைத் தமிழ்ப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவந்தார். 1826இல் அவர் எழுப்பிய தூய திரித்துவ ஆலயத்துக்குப் பிற்பாடு கூர்ங்கோபுரம் சேர்ந்தது. ஊசிக்கோபுரம் என்ற பெயரில் இன்றைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் வழி சொல்வதற்கும் அதுவே அடையாளம்.

ஆனால் அவர் நடத்திய விடுதிப் பள்ளியில் நடந்த ஒன்றுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் சமைத்ததை, ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணவேண்டும் என்றார் ரேனியஸ். உயர்த்திச் சொல்லப்பட்ட சாதிகளின் பெற்றோர் எதிர்த்தார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டார்கள். ரேனியஸ் விட்டுக்கொடுக்கவில்லை. பள்ளி காலியானாலும் பரவாயில்லை, பந்தி பிரியக்கூடாது என்று நின்றார். இருநூறாண்டுக்கு முன்னர், இந்த மாவட்டத்தில், அது எளிய முடிவு அல்ல.

மிஷன் பள்ளிகளின் நோக்கம் சமயம் பரப்புவதும்தான். அதை மறைக்க வேண்டியதில்லை, அவர்களே மறைத்ததில்லை. ஆனால் அந்த நோக்கத்தோடு திறந்த கதவு வழியாக யார் யார் உள்ளே வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கோயில் தெருவில் நடக்கக்கூட உரிமையில்லாத குடும்பங்களின் பிள்ளைகள் பலகையும் குச்சியும் ஏந்தி வந்தார்கள். பனையேறியின் மகன் ஆசிரியரானான். அந்த ஆசிரியரின் மகள் ஆசிரியையானாள். தேரிக்காட்டு ஊர்களிலும் வானம்பார்த்த கரிசல் ஊர்களிலும் ஓராசிரியர் பள்ளிகள் முளைத்ததற்குப் பாளையங்கோட்டையில் பயின்று போனவர்களே வேர்.

1843இல் சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பணத்தில் தாமிரபரணிக்குப் பாலம் கட்டிக்கொடுத்தார். அதற்கு முன் ஆற்றைக் கடக்கப் பரிசல்தான். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. அக்கரை இக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தே போய்வர வழி பிறந்தது. கல்வி வரலாறு எழுதுவோர் மறந்துவிடக்கூடாத கொடையாளர் அவர்.

பெண்ணும் விழியும் செவியும்

இந்த ஊர் கல்விக்குச் செய்த தொண்டில் எது பெரிது என்று கேட்டால், கல்லூரிகளைவிட முன்னால் சொல்ல வேண்டியவை மூன்று உண்டு.

முதலாவது, பெண்கல்வி. சாராள் தக்கர் என்ற ஆங்கிலப் பெண்மணி இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவருடைய சகோதரர் ஜான் தக்கர் சென்னையில் சி.எம்.எஸ். செயலராக இருந்தார். அவர் வழியாகக் கேட்டறிந்த செய்திகளைக் கொண்டு தென்னிந்திய மிஷன் பணி பற்றிச் சாராள் எழுதினார். இங்குள்ள பெண்பிள்ளைகளின் கல்விக்காக நெஞ்சார உழைத்தார். அவர் மறைவுக்குப் பிறகு அவர் நினைவாகப் பாளையங்கோட்டையில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. சிற்றூர்ப் பள்ளிகளுக்கு ஆசிரியைகளை உருவாக்குவது அதன் வேலை. அது வளர்ந்து 1895இல் கல்லூரியாயிற்று. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று பெரும்பாலான வீடுகள் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், பல்கலைக்கழகத் தேர்வுக்குப் பெண்களைத் தயார் செய்த ஊர் இது.

இரண்டாவது, பார்வையற்றோர் கல்வி. 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் அதைத் தொடங்கினார். மூன்றாவது, காது கேளாதோர் கல்வி. சாராள் தக்கர் பள்ளியோடு இணைந்து பணிசெய்த பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார், அதே 1890களில், பேச்சு வராத, காது கேளாத பிள்ளைகளைத் தேடிச் சேர்த்துக் கைச்சைகையால் பாடம் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பள்ளிகளும் நூற்றாண்டைக் கடந்தும் நடக்கின்றன.

பேச்சு வராத ஊமைத்துரையைச் சிறைவைத்த ஊரில், நூறாண்டு கழித்து, பேச்சு வராத பிள்ளைகளின் கைகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடந்தது. யாரும் திட்டமிட்டு இப்படி அமைக்கவில்லை. ஆனாலும் ஓர் ஊர் எப்படி மாறியது என்று அளக்க வேறு அளவுகோல் தேவையில்லை. அதிகாரம் அந்தக் கைகளைப் பூட்டி வைத்தது. கல்வி அந்தக் கைகளைப் பேச வைத்தது.

கல்லூரிகளின் வரிசை

1878ஐத் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் தூய யோவான் கல்லூரி, 1895இல் கல்லூரி நிலை பெற்ற சாராள் தக்கர், 1923இல் இயேசு சபையார் நிறுவிய தூய சவேரியார் கல்லூரி என்று வரிசை நீண்டது. விடுதலைக்குப் பின் அரசும் பிற சமயத்தாரும் தோள்கொடுத்தார்கள். 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டையில் வந்தது. 1965இல் ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்தது. காயல்பட்டினத்துச் சூபி ஞானியின் பெயர் தாங்கிய ஸதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971இல் வந்தது. 1990இல் மனோன்மணீயம் சுந்தரனார் பெயரால் மாவட்டத்துக்குப் பல்கலைக்கழகமே கிடைத்தது. சித்தரின் ஏடும், அலோபதியும், அரபுத் தமிழ் மரபும், ஐரோப்பியக் கலைப்பாடமும் சில மைல் சுற்றளவுக்குள் அருகருகே பயிலப்படும் ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

தமிழும் இங்கே செழித்தது. பாளையங்கோட்டைக்கு அருகே கரையிருப்பில் 1827இல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, மிஷன் பள்ளிகளிலும் கல்லூரியிலும் தமிழாசிரியராக இருந்து, 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். கம்பனில் ஊறிய ஒருவர் ஆங்கில எழுத்தாளர் பனியனின் கதையைத் தமிழ்க் காப்பியமாக்கினார். சொல்லின் செல்வர் ரா.பி. சேதுப்பிள்ளை பள்ளிப் படிப்பைப் படித்தது இங்குள்ள தூய சவேரியார் உயர்நிலைப் பள்ளியில்.

கோட்டையின் கதையைப் பள்ளி எழுதியது

படை குறைந்து, மதில்கள் இடிக்கப்பட்டு, கோட்டையில் எஞ்சியவை சில பகுதிகளே. மேற்கு வாசல் பக்கம் மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்று வெகுகாலம் வழங்கியதை மூத்தவர்கள் அறிவார்கள். அந்த வழியாகப் பள்ளிக்குப் போன பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஊமைத்துரை கதை பாடத்தில் கிடைத்தது? வெகுகாலம் கிடைக்கவில்லை. வெள்ளை அதிகாரிகளின் குறிப்புகளையும் கால்டுவெல் ஐயர் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றையும் விட்டால், அந்தக் கதை கூத்திலும் வில்லுப்பாட்டிலும் கதைப்பாடலிலும்தான் உயிரோடு இருந்தது. படிப்பறியாதவர்கள் என்று சொல்லப்பட்ட மக்களே அதை நினைவில் காத்தார்கள்.

அதை அச்சேற்றிய பெரும்பணியும் இந்த ஊரிலிருந்தே நடந்தது. நாங்குநேரியில் 1917இல் பிறந்த நா. வானமாமலை, அரசு வேலையை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டையில் டுடோரியல் நடத்திப் பிழைத்தவர். எந்தக் கல்லூரியிலும் பதவி வகிக்காத அவரைத் தமிழுலகம் பேராசிரியர் என்றே அழைத்தது. 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டினார். 1969இல் ஆராய்ச்சி இதழைத் தொடங்கினார். கட்டபொம்மு கதைப்பாடலைத் தேடிச் சேர்த்துப் பதிப்பித்தார். 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. அடுத்த தலைமுறையில் தூய சவேரியார் கல்லூரியில் பேராசிரியர் தே. லூர்து முதலானவர்களின் உழைப்பால் நாட்டார் வழக்காற்றியல் முறையான படிப்பாகவே வளர்ந்தது. வில்லுப்பாட்டுக் கலைஞர் வகுப்பறைக்கு வந்து பாட, மாணவர் அதைப் பதிவு செய்து ஆராயும் நிலை உண்டானது.

இந்த வரலாற்றில் நான் காணும் தலையாய செய்தி இதுவே. கோட்டை தன் கைதிகளைப் பற்றி ஆள்பவர்களுக்கு அறிக்கை எழுதியது. பள்ளியும் அதைச் சுற்றி வளர்ந்த அறிவுலகமும், அந்தக் கைதிகளைப் பற்றி அவர்களின் மக்கள் என்ன பாடினார்கள் என்று கேட்டு எழுதின. படைத்தளம் கல்வி நகரமானது என்பதற்குக் கட்டடங்களின் எண்ணிக்கையைவிட உறுதியான சான்று இது.

நம் கையில் இருக்கும் வேலை

ஹஃப் தம் வேலைக்கு அப்பால் போனார். ரேனியஸ் பந்தியைப் பிரிக்க மறுத்தார். சுவைன்சன் எவரும் சேர்க்காத பிள்ளைகளைச் சேர்த்தார். வானமாமலை எவரும் எழுதாத பாட்டை எழுதினார். நால்வருக்கும் பொதுவானது, வாசலுக்கு வெளியே நிற்பவர் யார் என்று பார்த்ததுதான். இந்த ஊரின் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அந்தக் கேள்வி இன்றைக்கும் உரியது. வீட்டிலேயே முதல் பட்டதாரியாக வரும் பிள்ளை, கட்டணம் கட்ட முடியாமல் நடுவில் நிற்கும் பிள்ளை, மாற்றுத்திறனாளிப் பிள்ளை ஆகியோருக்கு நாம் எவ்வளவு இடம் தருகிறோம் என்பதை வைத்தே வருங்காலம் நம்மை எடைபோடும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. பாளையங்கோட்டையின் படை வரலாறு லண்டனிலும் சென்னையிலும் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கிறது. பள்ளி வரலாறோ நம் அலுவலக அலமாரிகளில், பழைய சேர்க்கைப் பதிவேடுகளில், விடுதிக் கணக்குகளில், ஆண்டு மலர்களில் கரையானுக்குக் காத்திருக்கிறது. எந்த ஊரிலிருந்து, எந்தத் தொழில் செய்த தகப்பனின் பிள்ளை, எந்த ஆண்டு இங்கே முதன்முதலாக எழுத்தறிய வந்தது என்று சொல்லும் ஏடுகள் அவை. தென் தமிழ்நாட்டுச் சமூக மாற்றத்தின் மூலச் சான்றுகளும் அவையே. விழா எடுக்கும் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தம் பழைய பதிவேடுகளைச் சுத்தம் செய்து, படமெடுத்து, பட்டியலிட்டு, ஆராய்ச்சி மாணவர்களுக்குத் திறந்துவிடுமானால், அடுத்த விழா மலரை எழுதுகிறவருக்கு நம்மைவிட முழுமையான வரலாறு கிடைக்கும்.